ஆர்க்டிக் உறைநிலம்: ரேடார் வந்த பிறகும் இரும்புக் கம்பி எதற்கு?

கதிரலை:
2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் கிளம்பியது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பி வந்து தரையின் அசைவை அளக்கும் ரேடார் அது. ஆர்க்டிக்கில் குளிர்காலம் முழுக்க இருட்டு, கோடையில் ஓயாத மேகம். கேமராவுக்கு அங்கே வேலையில்லை. ரேடாருக்கு இரண்டும் பொருட்டல்ல. அப்படியிருக்க, அடிமண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் உறைநிலத்தின் மேலடுக்கு கோடையில் எவ்வளவு உருகியது என்று பார்க்க இன்னமும் ஆட்கள் கம்பியைத் தரையில் குத்திக்கொண்டிருக்கிறார்கள். 1 கிலோமீட்டர் சதுரத்தில் 121 புள்ளிகள். இது எதற்கு?

மண்கோல்:
கம்பி உறைந்த மண்ணைத் தொட்டு நிற்கிறது ஐயா, அதற்குத்தான். உங்கள் ரேடார் அந்த மண்ணைப் பார்ப்பதே இல்லை. இரண்டு தேதிகளில் திரும்பி வந்த அலைகளின் கட்ட வேறுபாட்டை, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்பதைப் பார்க்கிறது, மற்றதெல்லாம் கணக்கு. ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. அலை போய்த் திரும்புவதால் தரை 2.8 செ.மீ. நகர்ந்தாலே கட்டம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். மழையில் பாசி ஊறினாலும் கட்டம் மாறும், தரை இம்மியும் இறங்காமல். முதல் பனி விழுந்தால் அந்தப் படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிடுவதே பெரும்பாடு.

கதிரலை:
அதனால்தான் நிசாரில் 24 செ.மீ. அலை. செடியும் பாசியும் அதை அவ்வளவாகக் குழப்புவதில்லை. உங்கள் கம்பியின் கதைக்கு வருவோம். அது தரைமட்டத்திலிருந்து கீழே அளக்கிறது. அந்தத் தரைமட்டமே இறங்கினால்? வடக்கு அலாஸ்காவில் நடந்தது அதுதான். ஆண்டுக்கணக்காகக் கம்பி ஏறக்குறைய ஒரே ஆழத்தையே காட்டியது. அடியில் பனிக்கட்டி உருகி, நிலம் மொத்தமும் சீராகத் தாழ்ந்துகொண்டிருந்தது. பள்ளமும் மேடும் இல்லாததால் கண்ணுக்கும் தெரியவில்லை.

மண்கோல்:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் எனக்குச் சாதகமானது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு அதே இடத்துக்கு ஆண்டுதோறும் நடந்துபோனவர்கள். ரேடாரின் அளவு ஒப்பீட்டு அளவு. அசையாத ஓர் இடத்தை நீங்கள்தான் காட்டித் தர வேண்டும். அந்தக் கரையோரச் சமவெளியில் பாறை ஏது? ஆற்றோரச் சரளைத் திட்டை அசையாதது என்று வைத்துக்கொள்கிறார்கள். சமவெளியோடு சேர்ந்து அந்தத் திட்டும் இறங்கினால் உங்கள் படம் சுழியத்தைத்தான் காட்டும்.

ஏரிக்கரை:
இருவருமே தரை இறங்குவதை விட்டு வெளியே வரவில்லை. வடக்கு அலாஸ்காவின் உட்கியாக்விக் ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஆழமற்ற ஏரிகள் உண்டு. பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் இருந்தால் ரேடார் படத்தில் ஏரி வெளுத்துத் தெரியும். அடிமண் வரை உறைந்திருந்தால் கறுத்துவிடும். இதற்குக் கட்டமும் வேண்டாம், அசையாப் புள்ளியும் வேண்டாம். 1992இல் அங்கே ஏரிப் பனியில் 62 விழுக்காடு அடிவரை உறைந்தது, 2011இல் 26 விழுக்காடு. இத்தனை ஏரிகளையும் துளையிட்டுப் பார்க்க எந்தக் கம்பிக்காரர் வருவார்?

மண்கோல்:
அதை மறுக்கவில்லை. ஏரிகளில் ரேடாரை மிஞ்ச ஆளில்லை. தொடக்கப் பதிவு சொன்னது வேறு: ஆட்களே வேண்டாம் என்றது.

கதிரலை:
சரி, "எதற்கு" என்று கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சைபீரியாவை என்ன செய்வீர்கள்? 2022க்குப் பிறகு மேற்கத்திய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அங்கே போக முடிவதில்லை. உலகின் உறைநிலத்தில் பெரும்பங்கு ரஷ்யாவில்தான் இருக்கிறது. கம்பி போகாத இடத்தில் ரேடாரை நம்பாமல் வேறு எதை நம்புவது?

மண்கோல்:
பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். அலாஸ்காவில் சரிபார்த்த கணக்கை அப்படியே சைபீரியாவின் யாகூத்தியாவுக்குக் கொண்டுபோகாதீர்கள், அவ்வளவுதான். அங்கே சில இடங்களில் மண்ணின் கன அளவில் பாதிக்கு மேல் பனிக்கட்டி. தரை ஒரு செ.மீ. இறங்கியது என்றால் கீழே எவ்வளவு ஆழம் உருகியது என்பதற்கு இரண்டு ஊர்களிலும் ஒரே விடை வராது.