சாட்சி லிஸ்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது நான்தான்

ஒரு புத்தகம் தூக்கத்தைக் கெடுத்த அனுபவம் இருந்தா எழுதச் சொல்லிருந்தீங்க, எனக்கு போன மாசம் நடந்துச்சு. ஒரு வக்கீலையும் ரெண்டு ரவுடி கும்பலையும் வச்சு எழுதின க்ரைம் நாவல், பேர் சொல்லல, படிக்கப் போறவங்களுக்கு கெட்டுடும். வெட்டு குத்து நிறைய வருது, அதையெல்லாம் தாண்டிட்டேன். நடுவுல ரெண்டே பக்கம், வக்கீல் ஆபீஸ்ல ஜூனியர் பையன் கேஸ் கட்டைப் பிரிச்சு ஜெராக்ஸ் எடுக்கறான், அவ்ளோதான் சீன், அங்க புத்தகத்தை மூடிட்டேன். அந்தப் பையன் நான்.

கிரிமினல் கேஸ் நடத்தற சீனியர் வக்கீல் ஒருத்தர்கிட்ட ரெண்டு வருஷம் ஜூனியரா இருந்தேன், கட்டு தூக்கறது, வாய்தா கேக்கறது, மனு டைப் அடிக்கறது இதான் வேலை. ஒரு கொலை கேஸ், கும்பல் தகராறு, குற்றம் சாட்டப்பட்ட ஏழு பேரும், அதாவது ஏ1ல இருந்து ஏ7 வரைக்கும், நாங்க ஆஜரான ஆளுங்க. குற்றப்பத்திரிகை நகலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, கொடுத்தே ஆகணும், அதுதான் சட்டம், தன் மேல என்ன சொல்றாங்கன்னே தெரியாம ஒருத்தன் எப்படி கேஸ் நடத்துவான், அதுல எனக்கு இப்பவும் மறுபேச்சு இல்ல. ஏ1 ஓட தம்பி வந்தான். முறைக்கல, சத்தம் போடல, ஹெல்மெட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு "சார், சாட்சி லிஸ்ட் மட்டும் இன்னொரு செட் போட்டுத் தாங்க, அண்ணன் பாக்கணும்னாரு"ன்னான். போட்டேன். சாட்சி நம்பர், பேரு, அப்பா பேரு, வீட்டு விலாசம். பேப்பர் இன்னும் சூடா இருந்துச்சு, நானே ஓரத்தைத் தட்டி சரி பண்ணி ஸ்டேப்ளர் அடிச்சுக் கொடுத்தேன், தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டுப் போனான்.

இந்த நாவல்ல எனக்குப் புடிச்சது அதுதான், மிரட்டலை எங்கயும் காட்டல, எல்லாரும் மரியாதையா பேசறாங்க, படிக்கற நமக்குத்தான் வயித்தைப் பெசையுது. கடைசியில வக்கீலே துப்பாக்கி எடுக்கறாரு, அங்க மட்டும் மனசு ஒட்டல. வக்கீல் கையில இருக்கறது பேப்பரும் தகவலும்தான், கெட்டது நடந்தா அது வழியாதான் நடக்கும். மெல்போர்ன்ல நிக்கோலா கோபோன்னு ஒரு வக்கீல், கேங் ஆளுங்களுக்கு ஆஜராகிட்டே அவங்களைப் பத்தி போலீசுக்குத் தகவல் கொடுத்திருக்காங்க, 2018ல அது வெளிய வந்து விசாரணைக் கமிஷனே வச்சாங்க, சிலரோட தண்டனையே ரத்தாச்சு. ஆம்ஸ்டர்டாம்ல டெர்க் வியர்சம், போதைக் கும்பல் கேஸ்ல அப்ரூவர் சாட்சிக்கு, அதாவது கும்பல்ல இருந்துட்டு அரசுத் தரப்புக்கு சாட்சியா மாறினவருக்கு, ஆஜரானவர், அவரை 2019 செப்டம்பர் 18 காலையில வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க. அந்த சாட்சியோட அண்ணன் தம்பில ஒருத்தரை அதுக்கு முந்தின வருஷமே கொன்னுருந்தாங்க. இதையெல்லாம் படிச்சப்போ எனக்கு அந்த விலாசம்தான் ஞாபகம் வந்துச்சு.

எங்க கேஸ் விசாரணைக்கு வந்துச்சு. இரண்டாவது சாட்சி, கண்ணால பாத்தவர். கூண்டுல ஏறி "நான் எதையும் பாக்கல, போலீஸ்காரங்க வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க"ன்னு சொல்லிட்டார். அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சியா, அதாவது முன்னாடி சொன்னதை மாத்திப் பேசற சாட்சியா, அறிவிக்கச் சொல்லி குறுக்கு விசாரணை பண்ணினார், எல்லாத்துக்கும் "இல்ல, தெரியாது"தான். கட்டைவிரல் நகத்தால கூண்டு பெயிண்டை சுரண்டிக்கிட்டே இருந்தார், எதிரிங்க ஏழு பேரையும் பாக்கல, அவர் கண்ணு போன இடம் கடைசி பெஞ்ச், அங்க ஹெல்மெட்டை மடியில வச்சுக்கிட்டு அந்தத் தம்பி. அவரை யாரும் மிரட்டினாங்கன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஏழு பேரும் விடுதலை, சீனியர் என் தோளைத் தட்டினார்.

இப்ப உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர்ல ஏத்துக்கிட்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கு, ஆபத்து இருந்தா மனு போட்டு அடையாளத்தையே மறைக்கச் சொல்லலாம். எங்க கேஸ் அதுக்கு முன்னாடி. வக்கீல் நாவல் எழுதறவங்க அந்த மனு போடற சாட்சியை வச்சு ஒண்ணு எழுதணும்னு ரொம்ப ஆசைப்படறேன்.

அன்னைக்கு சாட்சி சொல்லி முடிச்சுட்டு அவர் வராந்தாவுல நின்னுட்டிருந்தார். என் கருப்பு கோட்டைப் பாத்துட்டு, நான் எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியாமலே கிட்ட வந்து "சார், இனிமே நான் வர வேண்டாம்ல?"ன்னு கேட்டார். வேண்டாங்கய்யான்னு சொன்னேன். கும்பிட்டுட்டு வேகமா படி இறங்கிப் போயிட்டார்.