மினியேச்சர்களைத் தூக்கிக்கொண்டு போக எந்தப் பெட்டி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மேசைப் போர் விளையாட்டுக்கான பெயிண்ட் அடித்த சின்ன உருவங்கள்தான் என் மினியேச்சர்கள். வீட்டோடு விளையாடிய வரைக்கும் அவற்றுக்குக் கண்ணாடி அலமாரி போதுமாக இருந்தது. இப்போது வெளியே போய் விளையாடத் தொடங்கியிருக்கிறேன், பாதி நாள் பஸ்ஸில், பாதி நாள் நண்பரின் காரில். பெரும்பாலும் 28 மி.மீ. பிளாஸ்டிக் வீரர்கள். கொஞ்சம் பழைய உலோக மினிகள், 3டி பிரிண்டரில் எடுத்த சில உருவங்கள், இறக்கையை அகல விரித்த டிராகன் ஒன்றும் உண்டு. ஃபோம் வைத்த பெட்டியா, காந்தப் பெட்டியா என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் சண்டைதான் நடக்கிறது. இரண்டையும் உண்மையில் பயன்படுத்தியவர்கள் என்ன பார்த்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.

* * *

நண்பரே, பெட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: பயணத்தின்போது உங்கள் மினியின் பெயிண்ட் மேல் எது பட்டுக்கொண்டிருக்கப் போகிறது?

ஃபோமில் மினியின் உடம்பு முழுக்கச் சுற்றிலும் பிடிபட்டிருக்கும். விழாது. ஆனால் வண்டி குலுங்குகிற ஒவ்வொரு முறையும் ஃபோம் அதை லேசாகத் தேய்க்கும். தேய்வது எப்போதும் மேடான இடங்களில்தான்: தோள் விளிம்பு, மூக்கு நுனி, வாளின் கூர். என் குதிரைவீரன் ஒருவனின் முழங்காலில் பார்த்துப் பார்த்து ஏற்றிய நீலம் போய், அடியில் இருந்த கறுப்பு ப்ரைமர் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. மெல்லிய ஈட்டி, கொடிக்கம்பு இருந்தால் இன்னொரு தொல்லை. ஃபோமின் துளைகளில் ஈட்டி முனை மாட்டிக்கொள்ளும், வெளியே எடுக்கும்போது வளையும், ஒரு நாள் உடையும். அதனால் பிளாஸ்டிக் படை முழுவதையும் காந்தத்துக்கு மாற்றிவிட்டேன்: மினி நிற்கிற பேஸின் (வட்டப் பீடத்தின்) அடியில் காந்தம், பெட்டியின் தட்டில் இரும்புத் தகடு. அங்கே பெட்டியைத் தொடுவது பேஸின் அடிப்பக்கம் மட்டும்தான்.

ஆனால் காந்தம் வைப்பதில் கவனம் வேண்டும். 25, 32 மி.மீ. பிளாஸ்டிக் பேஸ்கள் பெரும்பாலும் அடியில் குழிவாக இருக்கும். 2 மி.மீ. தடிமனுள்ள காந்தத்தை அந்தக் குழியின் கூரையில் ஒட்டினால் அது தகட்டைத் தொடவே தொடாது. நடுவில் ஒரு மி.மீ. இடைவெளி விழுந்தாலே பிடி பாதிக்கு மேல் போய்விடும். காந்தம் பேஸின் விளிம்புக்குச் சமமாக நிற்க வேண்டும். அதற்கு நான் செய்வது: இரும்புத் தகட்டின் மேல் பேக்கிங் பேப்பர், அதன் மேல் 5×2 காந்தம் (5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன்), அதன் தலையில் ஒரு உருண்டை எபாக்ஸி புட்டி (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் பசை மாவு), மேலே பேஸை வைத்து விளிம்பு தரையில் படுகிற வரை ஒரே அழுத்து. காய்ந்ததும் காந்தம் தானாகச் சரிமட்டத்தில் நிற்கும். 25, 32 மி.மீ. பிளாஸ்டிக் பேஸுக்கு ஒரு காந்தம் போதும். 60 மி.மீ. பேஸ் என்றால் நான்கு, அதுவும் நடுவில் இல்லாமல் ஓரங்களில்.

தகடு வாங்கும்போது கையில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். பளபளவென்று இருக்கும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் சரியாக ஒட்டாது, அலுமினியத்தில் சுத்தமாக ஒட்டாது. நாகம் பூசிய இரும்புத் தகடு நன்றாகவே பிடிக்கிறது. காகிதம் போல மெல்லியதாக வாங்காதீர்கள், பிடி குறையும்.

இன்னொன்று, காந்தத்தை மேல்நோக்கிப் பிடுங்குவதுதான் கஷ்டம், பக்கவாட்டில் தள்ளினால் சுலபமாக வழுக்கும். பஸ் பிரேக் போடும்போது நடப்பது அதுதான். ஒரு மினி நகர்ந்து பக்கத்து மினியின் கேடயத்தில் போய் இடிக்கும். வரிசைகளுக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். எல்லாவற்றையும் அடுக்கியபின் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே ஒரு தலையணை போட்டு, லேசாக உலுக்கிப் பாருங்கள். விழுவது அங்கேயே விழட்டும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் உதிரிக் காந்தங்களை மேசையில் விட்டுவிடாதீர்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் சுவரை நடுவில் வைத்தே ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

* * *

மேலே சொன்னது பிளாஸ்டிக்குக்கு முழுக்கச் சரி. உலோக மினிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெள்ளீயக் கலவை மினிகளில் எடை எல்லாம் மேல்பாதியில் இருக்கும். காந்தம் பேஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், குலுக்கல் முழுவதும் கணுக்காலுக்கும் ஒட்டிய கைகளுக்கும் போகும். சூப்பர் க்ளூ நிலையான எடையைத் தாங்கும், திடீர் அதிர்ச்சியைத் தாங்காது, பளிச்சென்று விட்டுவிடும். கைக்குள் ஊசிக்கம்பி வைத்து ஒட்டியிருந்தால்கூட உலோகப் படையை நான் ஃபோமில்தான் கொண்டுபோகிறேன், ஏனென்றால் அங்கே எடையை உடம்பு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது.

பெயிண்ட் தேயும் என்பது உண்மை, அதற்குத்தான் வார்னிஷ். முதலில் கெட்டியான க்ளாஸ் (பளபளப்பான வார்னிஷ்) ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்தபின் மேட் (பளபளப்பில்லாதது) ஒரு பூச்சு. க்ளாஸ்தான் அடி வாங்கும், மேட் மினுமினுப்பைக் குறைக்கும். வார்னிஷ் முழுதாக இறுகாமல் ஃபோமில் அமுக்கினால் ஃபோமின் துளை வடிவம் அப்படியே மேல்பரப்பில் பதிந்துவிடும். அவசரப்படாதீர்கள்.

ஃபோமிலும் வித்தியாசம் இருக்கிறது. சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிய்த்தெடுக்கிற வகையில் உங்கள் மினிக்கு ஏற்ற வடிவம் கிடைக்கும், ஆனால் இரண்டு குழிகளுக்கு நடுவில் ஒரே ஒரு சதுரம்தான் மிஞ்சினால் அந்தச் சுவர் சீக்கிரம் கிழியும். இரண்டு சதுரம் விடுங்கள். மினியை மல்லாக்கப் படுக்க வையுங்கள், நீட்டிய ஆயுதத்தின் மேல் எடை விழக் கூடாது. பேஸின் இரு பக்கமும் விரல் நுழைய இடம் வேண்டும். இல்லாவிட்டால் தலையைப் பிடித்துத்தான் இழுப்பீர்கள்.

பழைய பெட்டியை யாராவது கொடுத்தால் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ தூளாக உதிர்ந்தாலோ பெட்டியை வைத்துக்கொண்டு ஃபோமை மட்டும் தூக்கிப் போடுங்கள். பாலியுரேத்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தால் நாளடைவில் சிதையும், அந்தப் பிசின் பெயிண்டில் ஒட்டினால் சுத்தம் செய்வது கொடுமை.

* * *

கார் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் ஒரு வார்த்தை. வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஐந்து நிமிஷம்தானே என்றுகூட வேண்டாம். பி.எல்.ஏ. என்கிற பிளாஸ்டிக் இழையில் 3டி பிரிண்ட் செய்த உருவங்கள் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். ரெசின் மினியின் மெல்லிய வாள் தன் எடைக்கே தொங்கிப்போகும். அப்படி வளைந்ததை வெந்நீரில் முக்கி நேராக்கிப் பச்சைத் தண்ணீரில் பிடித்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் பெயிண்ட் அடித்த மினியில் அதைச் செய்ய மனசு வராது. சாதாரண நியோடிமியம் காந்தங்களும் 80 டிகிரியைத் தாண்டினால் பலத்தை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும்.

* * *

டிராகனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதற்காகப் பெரிய பெட்டி தேடாதீர்கள். நான் இறக்கைகளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஆக்கிவிட்டேன். தோள் மூட்டில் இரண்டு பக்கமும் 3 மி.மீ. காந்தம், அது சுழலாமல் இருக்க அருகில் ஒரு சின்னப் பின். துளை போடுவதற்கு முன்பே காந்தத்தின் எந்த முகம் வெளியே வர வேண்டும் என்று மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைகள் ஃபோமில் தட்டையாகப் படுக்கும், உடம்பு காந்தத் தட்டில் நிற்கும்.

உங்களிடம் இருப்பது மூன்று விதம், அதனால் ஒரே வகைப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். உள்ளே தட்டுகளை மாற்றி அடுக்கக்கூடிய பையாகப் பாருங்கள்: கனமான உலோகம் ஃபோமில் அடியில், அதற்கு மேல் பிளாஸ்டிக்குக்கு இரும்புத் தட்டு. வாங்குவதற்கு முன் உங்கள் படையிலேயே உயரமான மினியை, கொடியின் நுனி வரை, பேஸோடு சேர்த்து அளந்துகொள்ளுங்கள். தட்டின் உள் உயரம் அதைவிட ஒரு செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். வெளி அளவை மட்டும் போட்டிருந்தால் உள் அளவைக் கேட்டு வாங்குங்கள். அளந்த எண்ணை இங்கே போட்டீர்கள் என்றால் எத்தனை தட்டு கொள்ளும் என்று சேர்ந்தே கணக்குப் பார்க்கலாம்.