எழுதி வைக்காத நாடகத்தின் பயிற்சிகள் ஒரு குழுவுக்கு உண்மையிலேயே உதவுமா?

கேள்வி:
வணக்கம். ஒன்பது பேர் கொண்ட மென்பொருள் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பு வகிக்கிறேன். கூட்டங்களில் ஒருவர் தம் யோசனையைச் சொல்லி முடிப்பதற்குள், "ஆனால்" என்று தொடங்கி இன்னொருவர் வெட்டிவிடுகிறார். மூன்று பேர் ஆறு மாதமாக வாயே திறப்பதில்லை. வசனம் எதையும் எழுதி வைக்காமல் மேடையிலேயே காட்சியை உருவாக்கும் இம்ப்ரொவைசேஷன் நாடகத்தின் பயிற்சிகள் இதற்கு உதவும் என்கிறார்கள். எங்களில் யாருக்கும் நடிப்பு வராது. மேலும், "ஆமாம், அத்துடன்..." என்ற அதன் விதியும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. தவறான யோசனைக்கெல்லாம் ஆமாம் போட்டால் வேலை என்னாவது?

பதில் 1:
நடிப்பு வராது என்ற கவலை வேண்டாம். இப்பயிற்சிகளில் பலவற்றை உருவாக்கிய வயோலா ஸ்போலின், சமூகப் பணியாளரான நீவா பாய்டிடம் குழு விளையாட்டுகளைக் கற்றவர்; 1930களின் இறுதியில் சிகாகோவில், நாடக அனுபவமே இல்லாத குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அவற்றைக் கொண்டு பயிற்சி அளித்தார். அவருடைய மகன் பால் சில்ஸ் 1959இல் 'செகண்ட் சிட்டி' என்ற புகழ்பெற்ற இம்ப்ரொவைசேஷன் நகைச்சுவைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதால், மேடைப்புகழ் பிற்பாடு வந்தது என்றே நான் சொல்வேன்.

"ஆமாம்" என்பது சம்மதம் அல்ல. மேடையில் ஒருவர் "டாக்டர், கை வலிக்கிறது" என்று சொல்லும்போது, எதிரில் நிற்பவர் "நான் டாக்டர் இல்லையே" என்றால் காட்சி அங்கேயே செத்துவிடும். சொல்லப்பட்டது இப்போது நம் இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு, அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பதுதான் விதி. உங்கள் கூட்டத்தில் முதல் பத்து நிமிடங்களுக்கு மட்டும் அதைக் கடைப்பிடியுங்கள். கழிக்க வேண்டியதைக் கழிப்பதற்கு அதன் பிறகு நேரம் இருக்கிறது.

பதில் 2:
நான் வேலை செய்த இடத்தில் "ஆளுக்கொரு சொல்" என்ற பயிற்சியைச் செய்தோம். வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக் கதையை வளர்க்க வேண்டும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருவதால், வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது யார் கையிலும் இருக்காது. "கிழவர்", "மெதுவாக" என்று வந்துகொண்டிருந்தது. அடுத்தவர் "பூனையை" என்பார், நான் "பார்த்தார்" என்று முடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் "பூனையிடம்" என்றார். ஒரே ஒரு வேற்றுமை உருபு மாறியதில் என் தயாரிப்பு முழுவதும் வீணாயிற்று. தடுமாறி "கேட்டார்" என்றேன். பூனையிடம் என்ன கேட்டார் என்பதில்தான் அந்தக் கதையே சூடு பிடித்தது. பல ஆண்டுகளாக மற்றவர் பேசும்போதெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கியது.

ஒரு வேண்டுகோள்: யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். பொறுப்பாளரான நீங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்காமல், வட்டத்துக்குள் நின்று முதலில் தடுமாறுங்கள். லண்டனில் ராயல் கோர்ட் நாடக அரங்கில் பணியாற்றிய கீத் ஜான்ஸ்டன், ஒவ்வொரு பேச்சிலும் ஒருவர் தம்மை உயர்த்துவதும் தாழ்த்துவதும் ஓயாமல் நடக்கிறது என்று கவனித்து, அதையே பயிற்சியாக்கினார். வாய் திறக்காத அந்த மூவரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

பதில் 3:
அலுவலகத்துக்கு வெளியே கிடைத்த பயனைச் சொல்கிறேன். நினைவு மங்கிவரும் என் அம்மா, எப்போதோ இறந்துபோன தம் அக்கா இன்று வருவதாகச் சொல்வார். "பெரியம்மா போய்ப் பல வருஷம் ஆயிற்றே" என்று நான் திருத்தும்போதெல்லாம், அச்செய்தியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பவர்போல் அழுவார். இந்தப் பயிற்சிகளைக் கற்ற பிறகு, "பெரியம்மா என்றால் உங்களுக்கு அவ்வளவு பிரியமா அம்மா?" என்று கேட்கத் தொடங்கினேன். பொய்யும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. இருவரும் ஒரே போர்வைக்குள் படுத்துக் கதை பேசிய இரவுகளைப் பற்றி அன்று அரை மணி நேரம் சொன்னார். அதற்கு முன் அதை நான் கேட்டதே இல்லை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. "ஆனால்" என்று முதலில் தொடங்குபவர் பெரும்பாலும் நானேதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தை ஆளுக்கொரு சொல்லுடன் தொடங்குகிறோம். நானும் வட்டத்தில் நிற்பேன்.