பெரிய வியாழன் முதல் பாஸ்கா இரவு வரை: நம் அனுபவங்கள்

தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை ஊர்

பெரிய வெள்ளியைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் வியாழனைச் சொல்கிறேன். ஒரு வருடம் எங்கள் பங்கில் கால் கழுவும் சடங்குக்கு வயதான மீனவர் ஒருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பெரியப்பா முறை. ஆயுசெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்ற கால், குதிகால் முழுக்க வெடிப்பு. சாயங்காலமே வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்தார். அப்படியும் சாமி (பங்குத்தந்தை) அவர் முன்னால் மண்டியிட்டுச் செம்பைச் சாய்த்ததும் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். “வேண்டாம் சாமி, நீங்க போய் என் காலை...” சாமி ஒன்றும் சொல்லவில்லை, கையை ஏந்தியபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பா மெல்லக் காலை நீட்டினார். யோவான் 13ஆம் அதிகாரத்தில், இயேசு காலைக் கழுவ வரும்போது இராயப்பரும் (பேதுரு) இதையேதானே சொல்கிறார்! வருடா வருடம் வாசிக்கக் கேட்கிற பகுதிதான். அந்தக் கூச்சத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது பெண்களும் அந்த வரிசையில் உட்காருகிறார்கள். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றியதால் வந்தது. ரொம்ப நல்ல மாற்றம் என்பேன். என் அம்மாவும் ஒருமுறை உட்கார்ந்தார்.

அப்புறம் அந்தப் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாட்டுப் பாடும்போது அடிக்கிற மணிதான். சனி இரவு வரை வேறு மணி கிடையாது, மரக்கட்டையைத் தட்டுவதோடு சரி. நற்கருணையை (இயேசுவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பத்தை) மாற்றுப் பீடத்துக்குக் கொண்டுபோன பிறகு, பெரிய பீடத்தின் விரிப்பைக்கூட உருவிவிடுவார்கள். நள்ளிரவு வரை அன்பியம் (பங்கின் சிறு குழு) வாரியாக ஆராதனை. மறுநாள் யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதால் ஊரே அங்கேதான் இருக்கும்.

துபாய்

2022இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 15, ரமலானுக்குள் வந்தது. அந்த ஜனவரியில்தான் அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியிருந்தது. அதுவரை வெள்ளியே விடுமுறை என்பதால் பெரிய வெள்ளிக்கு நான் லீவு கேட்க வேண்டியதே இல்லை. நல்லவேளை, ரமலானில் வேலை நேரம் இரண்டு மணி குறையும். முடித்த கையோடு ஊத் மேத்தா புனித மரியாள் கோயிலுக்கு ஓடினேன். சிலுவையை வணங்க நீண்ட வரிசை. எனக்கு முன்னால் கொங்கணி பேசும் குடும்பம், பின்னால் பிலிப்பைன்ஸ்காரர்கள்.

அறைத்தோழர் பெஷாவர்க்காரர், என்னைவிடப் பெரியவர், பாய் என்றுதான் கூப்பிடுவேன். காலையில் நான் சாப்பிடாமல் கிளம்பியதைப் பார்த்து, “உனக்கும் நோன்பா?” என்று ஹிந்தியில் விசாரித்தார். ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு, இறைச்சி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், நோன்பு திறக்கிற விரிப்பில் எனக்கென்று தனியாக ஒரு தட்டு: பேரீச்சம்பழம், பக்கோடா, கொண்டைக்கடலை. கீமா சமோசாவை மட்டும் என் பக்கம் வராமல் தூர நகர்த்தி வைத்திருந்தார். பாங்கு சொன்னதும் சேர்ந்து சாப்பிட்டோம். அந்தத் தட்டுக்காக அவரை இன்றைக்கும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

திருச்சி

நான் நர்ஸ். ஒரு பெரிய வெள்ளியன்று எங்கள் வார்டில் சர்க்கரை நோயாளிப் பாட்டி ஒருவர், மூன்று மணிக்கு ஆண்டவர் உயிர் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். இன்சுலின் போட்டாக வேண்டும். நோன்புக் கடமை 18 முதல் 59 வயது வரைதான், நோயாளிக்குக் கிடையவே கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். “அது உங்க சட்டம்மா.” கடைசியில் அவருடைய பங்குத்தந்தையையே போனில் பிடித்துக் கொடுத்தோம். “சாப்பிடுங்க பாட்டி, நான் சொல்றேன்” என்றார். பாட்டி கஞ்சியைக் குடித்தார். துவையலை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை.

டூட்டி முடித்து, சனி இரவு எப்படியாவது கோயிலுக்குப் போய்விடுவேன். வெள்ளியோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வியாழன் பூசையில் கடைசி ஆசீர் கிடையாது, நற்கருணையோடு எழுந்து போகிறோம். வெள்ளி வழிபாடு சிலுவை அடையாளம் போடாமலே தொடங்குகிறது. சாமி பீடத்தின் முன் குப்புற விழுந்து வணங்குகிறார். முடிந்ததும் சத்தமில்லாமல் கலைகிறோம். மூன்று நாளும் சேர்ந்து ஒரே வழிபாடு, நடுவில் எழுந்து போனால் எப்படி? என் பாட்டி காலத்தில் பாஸ்கா திருவிழிப்பை (ஈஸ்டருக்கு முந்தின வழிபாட்டை) சனி காலையிலேயே முடித்துவிடுவார்களாம். திருத்தந்தை 12ஆம் பயஸ் 1955இல் ஆணையிட்ட பிறகுதான் அது இரவுக்கு வந்தது. புதுத் தீ, பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுவர்த்தி, பழைய ஏற்பாட்டு வாசகங்கள், ஞானஸ்நான வாக்குறுதி என்று எல்லாம் முடிய நள்ளிரவு தாண்டும். தவக்காலம் முழுக்க வாயில் வராத அல்லேலூயாவை இரண்டு முறை சேர்த்துச் சொல்லி நம்மை அனுப்பிவைப்பது அப்போதுதான்.