யாரும் போக முடியாத இடத்தில் சுவரோவியம்: போட்டோ எடுப்பவருக்கு அதில் என்ன பங்கு?

கருவிழி:
வணக்கம். என் நண்பன் சுவரில் வரைபவன், நான் போட்டோ எடுப்பவன். பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய ஆலைக்குள் வரைய, உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிட்டோம். ஆனால் சீக்கிரமே கட்டடத்தை இடித்துவிடுவார்கள், அதுவரை வெளியாட்களை உள்ளே விடவும் மாட்டார்கள். ஆக, உலகம் பார்க்கப்போவது நான் எடுக்கும் படங்களை மட்டும்தான்.

நியூயார்க்கின் அண்டர்பெல்லி ப்ராஜெக்ட் பற்றிப் படித்ததிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது. கைவிடப்பட்ட ஒரு பாதாள ரயில் நிலையத்தில் 103 கலைஞர்கள், ஆளுக்கு ஒரு ராத்திரி என்று ரகசியமாகப் போய் வரைந்தார்கள். 2010 அக்டோபர் கடைசியில் செய்தி வெளிவந்தது, உள்ளே போகும் வழியையும் அடைத்துவிட்டார்கள். வரைந்தவர்களே திரும்பப் போய்ப் பார்க்க முடியாத ஓவியங்கள் அவை. அப்படியிருக்கும்போது படம் எடுப்பது வெறும் பதிவா, இல்லை வேலையில் பாதியா? எப்படி எடுத்தால் நியாயம்?

இருட்டறை:
பாதிதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நியூயார்க் ரயில் ஓவியங்களைப் படம் எடுத்த ஹென்றி சால்ஃபன்டையும் மார்த்தா கூப்பரையும் பாருங்கள். 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் நியூயார்க் பையன்கள் ராத்திரி, ரயில்களை நிறுத்தி வைக்கும் யார்டுக்குள் நுழைந்து ரயில் பெட்டி முழுக்க வரைவார்கள், கொஞ்ச நாளில் நிர்வாகம் கழுவிவிடும், இல்லையென்றால் வேறொருவன் அதன்மேலேயே வரைந்துவிடுவான். சால்ஃபன்ட் அடிப்படையில் சிற்பி. ரயில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எதிர் பிளாட்பாரத்தில் நகர்ந்துகொண்டே வரிசையாகப் பல ஷாட் எடுத்து, பிரிண்ட்களை ஒட்டி முழுப் பெட்டியையும் ஒரே படமாக்குவார். ஏறத்தாழ 15 மீட்டர் நீள ஓவியத்தைக் கோணல் இல்லாமல் நேருக்கு நேர் பார்க்க அதைவிட நல்ல வழி அப்போது இல்லை.

கூப்பர் எடுத்தது வேறு மாதிரி. காலி மனையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, ரயில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக் கட்டடங்களுக்கு நடுவே போகிற அந்த நொடியைப் பிடிப்பார். 1980இல் டோன்டி என்ற ரயில் ஓவியரோடு ராத்திரி யார்டுக்குள்ளேயே போனார். அப்போது எடுத்த ஒரு படத்தில் டோன்டி இரண்டு ரயில்களுக்கு நடுவே, ஒரு கால் இதிலும் ஒரு கால் அதிலுமாக ஊன்றிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த ஓவியம் எப்போதோ போய்விட்டது, ஆனால் அந்தக் கால்களை நாம் இன்னும் பார்க்கிறோம். நீங்கள் இரண்டு மாதிரியும் எடுங்கள்: சுவர் முழுசாக நேர்க்கோணத்தில் ஒன்று, வரைகிற உடம்போடு சேர்த்து நிறைய.

தகரக்கூரை:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் படமே சுவரோவியமாகிற வழியும் உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் 2009இல் கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் செய்ததைத் தேடிப் பாருங்கள். அங்கே வாழும் பெண்களின் முகங்களை எடுத்து, மழைநீர் புகாத வினைலில் அச்சடித்து, சுமார் 2000 சதுர மீட்டர் தகரக் கூரைகளை மூடினார். வீட்டுக்காரர்களுக்கு ஒழுகாத கூரையும் ஆயிற்று. எனக்கு ரொம்பப் பிடித்தது ரயில்தான். ரயிலில் கண்களை மட்டும் ஒட்டிவிட்டு, முகத்தின் கீழ்ப்பாதியைத் தண்டவாளத்துக்குக் கீழே சரிவில் தகரங்களில் வைத்திருந்தார்கள். ரயில் கடக்கும்போது ஒரே ஒரு நொடி கண்ணும் வாயும் சேர்ந்து முழு முகமாகும். அந்த நொடியைக் கேமரா பிடிக்கவில்லையென்றால் ஊருக்கு வெளியே யாருக்கும் அது தெரிந்திருக்காது.

உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்களேன், அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்கள் முகங்களை நீங்கள் எடுக்கலாம், அதைப் பெரிதாக அச்சடித்து ஒட்டி அதன்மேல் அவர் வரையலாம். அப்போது பாதியா முழுசா என்ற கேள்வியே எழாது.

ஏணிப்படி:
எனக்கு ஒரு கவலை. அண்டர்பெல்லி செய்தி வந்த பிறகு அந்த இடத்தைத் தேடிப் போன சிலரை போலீஸ் கைது செய்தது. படம் போடும்போது ஆலை எங்கே இருக்கிறது என்று காட்டிவிடாதீர்கள், போனில் எடுத்தால் லொகேஷனை அணைத்துவிடுங்கள். பழைய கட்டடத்தில் தளம் எங்கே இளகியிருக்கிறது என்று பகலிலேயே நடந்து பாருங்கள், தனியாகப் போகவே வேண்டாம்.

இன்னொன்று, படத்தில் யார் பெயர் எப்படி வரும், விற்றால் எப்படிப் பிரிப்பது என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு நண்பனும் இதைப் பேசாமல் விட்டதால் இரண்டு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது.

கருவிழி:
எல்லோருக்கும் நன்றி. முகம் ஒட்டும் யோசனையைச் சொன்னதும் அவன் துள்ளிக் குதித்துவிட்டான். ஆலை வாட்ச்மேன் அய்யா அங்கேயே முப்பது வருஷம் வேலை பார்த்தவராம், முதல் படம் அவரைத்தான் எடுக்கப்போகிறோம். கிழக்குப் பக்கம் உடைந்த கூரை வழியாகக் காலை பத்து மணிக்கு வெயில் நேராக அந்தச் சுவரில் விழுகிறது, ஒரு இருபது நிமிஷம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ட்ரைபாடோடு போகிறோம். பெயர் விஷயத்தை இன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதிவிடுகிறோம்.