லியூப்ரோலைடு ஊசி போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொடிமுல்லை:
ஐவிஎஃப்-க்கு (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு) எழுதிக் கொடுத்த சீட்டோடு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்பாவுக்காம்மா?" என்றார். ஏன் என்று கேட்டால், இது ஆண்களுக்குப் புராஸ்டேட் கேன்சருக்குப் போடுகிற ஊசியாயிற்றே என்கிறார், அதுவும் பின்னால் ஆட்கள் நிற்கும்போது சத்தமாக. பிள்ளை வேண்டும் என்று போன எனக்கு எதற்குக் கேன்சர் மருந்து? நர்ஸிடம் கேட்டால் "எல்லாருக்கும் இதுதான்" என்றதோடு சரி. ராத்திரி தொப்புளுக்குப் பக்கத்தில் குத்தும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது.

ரயிலடி:
எனக்குச் சாக்லேட் சிஸ்ட், அதாவது சூலகத்தில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி, மாதம் ஒருமுறை 3.75 மில்லிகிராம். முதல் ஊசிக்கு அப்புறம் வலி குறைவதற்குப் பதில் கூடியது, அப்புறம்தான் பீரியட்ஸ் நின்றது. மார்கழிக் குளிரில் எல்லாரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் முகமெல்லாம் தீயாக எரிந்து வேர்வை ஊற்றுகிறது. என் மாமியார் ஒன்றும் கேட்காமல் விசிறியை எடுத்துக் கையில் கொடுத்தார், "எனக்கு நின்னப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அவருக்கு அப்போது ஐம்பது, எனக்கு இருபத்தொன்பது. இது சூலகத்தைத் தூங்க வைக்கிற மருந்து. பிள்ளைக்காக இதைப் போடுகிறார்கள் என்பது எனக்கும் விளங்கவில்லை.

பால்காரன்:
மனிதர்கள் பேசும் இடத்தில் மாட்டைக் கொண்டு வருவதற்குக் கோபிக்க வேண்டாம். மேலே சகோதரி தூங்க வைக்கிறது என்கிறார், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் ஜெர்சி கலப்பு மாடு பருவத்துக்கு வரும், சினை ஊசி போடுவோம், மறுபடி மூன்று வாரத்தில் கத்தும். கடைசியில் டாக்டர் சினை ஊசி போட்ட கையோடு புசெரலின் இரண்டரை மில்லி போட்டார், முட்டை சரியான நேரத்தில் வெளிவரும் என்றார். அப்புறம் அவர் கையை விட்டுப் பார்த்து "சினைதான்" என்றபோது என் மனைவி அழுதே விட்டாள். இதுவும் உங்கள் ஊசி வகைதானே?

நெல்லைத்தகப்பன்:
இரண்டு பேர் சொல்வதும் சரி. மூளையில் ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஜிஎன்ஆர்ஹெச் பத்தே அமினோ அமிலம் கொண்ட சின்ன ஹார்மோன். ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒருமுறை துடிப்புத் துடிப்பாக வரும். காலிங் பெல்லை விட்டு விட்டு அடித்தால் கதவைத் திறப்பார்கள், அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் வயரைப் பிடுங்கி விடுவார்கள் இல்லையா, அதே கதை. 1970களில் எர்ன்ஸ்ட் நோபில் என்ற விஞ்ஞானி குரங்குகளில் காட்டியது இதுதான்: மணிக்கொரு முறை கொடுத்தால், சூலகத்தையும் விரையையும் இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்தது, நிறுத்தாமல் ஏற்றினால் அடங்கிப்போனது. லியூப்ரோலைடும் புசெரலினும் அதன் நகல்கள். மாட்டுக்கு ஒரே டோஸ், அதனால் பிட்யூட்டரியின் எல்ஹெச் ஹார்மோன் எகிறி முட்டை வெடித்து வெளிவந்தது. ஐவிஎஃப்-இல் தினமும் போடுவது, முட்டை எடுக்கும் முன்பே அவசரப்பட்டு வெடித்துவிடாமல் இருக்க. புராஸ்டேட் கேன்சரில் அதே அடக்கம், அந்தக் கேன்சரை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மகள் ஏழு வயதில் பருவமடையத் தொடங்கினாள், அவளுக்கும் இதே மருந்துதான். டாக்டரிடம் நாங்கள் ஓடிக்கொண்டிருக்க, என் அம்மா தாய்மாமனுக்குப் போன் போட்டு மஞ்சள் நீராட்டுக்கு நாள் கேட்டார். மகள் அப்போது ஸ்கூல் பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

சரி, எல்லாரும் கவனிக்க: ஒரே இடத்தில் குத்தாதீர்கள், மாற்றி மாற்றிப் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்ன மருந்தை ஃபிரீசரில் வைக்காதீர்கள். கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள், ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும், கேழ்வரகு சாப்பிடுங்கள், காலை வெயிலில் நடங்கள்...

கொடிமுல்லை:
இதில் பாதியாவது அந்த நர்ஸ் சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். நன்றி அண்ணா. கேழ்வரகு எனக்கு ஒத்துக்கொள்ளாது.

ரயிலடி:
எலும்பு விஷயம் என் டாக்டரே சொல்லிவிட்டார், ஆறு மாதத்துக்கு மேல் போட மாட்டோம் என்றதும் அதனால்தான். முதல் ஊசியில் வலி கூடும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, ஊசி வேலை செய்யவில்லை என்று பயந்து இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். என் கோபம் அதில்தான், நடைப்பயிற்சி பற்றி நான் கேட்கவில்லை.