சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் கப்பல் பயணம்: வயதான பெற்றோருடன் கரையில் இறங்க என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

தகடூரான் (தருமபுரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் மூன்றாவது வாரத்தில், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி, சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கிலும் புக்கெட்டிலும் ஒவ்வொரு பகல் நின்று மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பலில் ஆறு பேராகச் செல்கிறோம். அப்பாவுக்கு வயது 71. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அம்மாவுக்கு 66, முழங்கால் தேய்மானம் இருப்பதால் சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், படி என்றால் கைப்பிடி வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கப்பல் ஏறியதில்லை. தண்ணீரில் எங்களுக்கு இருக்கும் மொத்த அனுபவமும் ஒகேனக்கல் பரிசல்தான்.

கப்பலுக்குள் இருக்கும் நாட்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கரையில் இறங்கும் இரண்டு நாட்களைப் பற்றித்தான் கேட்கிறேன். பயண ஏற்பாட்டாளர் எழுதிக் கொடுத்த தாளில் பினாங்குக்கு மட்டும் பினாங்கு மலை இரயில், தண்ணீர்மலை முருகன் கோயில், பாம்புக் கோயில், லிட்டில் இந்தியா என நான்கு இடங்கள் உள்ளன. புக்கெட்டில் வேகப்படகில் பீ பீ தீவுக்குப் போய் வரலாம் என்கிறார். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் என்பதால் ஒன்பது மணி நேரம் தாராளமாக இருக்கிறது என்பது அவர் கணக்கு. இது நடக்கக்கூடியதா? கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலாவை வாங்குவதா, நாமே வண்டி பிடித்துக்கொள்வதா? கையில் எதை எடுத்துச் செல்ல வேண்டும், எதை எடுத்துச் செல்லக் கூடாது?

பாலக்கோட்டுக் கப்பல்காரன்:

வணக்கம் தம்பி. நான் பயணிகள் கப்பல்களில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஊர் திரும்பியவன். பயணிகளைப் படகில் ஏற்றி இறக்கும் இடத்திலேயே பல நாட்கள் நின்றிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒன்பது மணி நேரக் கணக்கைத் திருத்துங்கள். 8 மணி என்பது கப்பல் கரை சேரும் நேரம். துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து, கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்கியவர்கள் முதலில் இறங்கி, பிறகு மற்றவர்களின் வரிசை நகர்ந்து நீங்கள் தரையில் கால் வைக்கும்போது 9 மணியைத் தாண்டியிருக்கும். மாலை 5 மணி என்பது கப்பல் நகரும் நேரம். எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னதாக இருக்கும். அன்றன்று அறைக்கு வரும் தாளிலோ, இறங்கும் வாசலில் உள்ள பலகையிலோ அந்த நேரத்தை எழுதியிருப்பார்கள். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைமுகத்துக்குத் திரும்பிவிடுவது என்று நீங்களே ஒரு கெடு வைத்துக்கொண்டால், சுற்றிப் பார்க்கக் கிடைப்பது ஐந்தரை அல்லது ஆறு மணி நேரம். அதில் சாப்பாடும் உண்டு, கழிப்பறை தேடுவதும் உண்டு, பிள்ளைகள் கடையில் நின்றுவிடுவதும் உண்டு.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா சொந்த ஏற்பாடா என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை மாறும். நிறுவனத்தின் பேருந்து போக்குவரத்தில் சிக்கிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போனவருக்காகக் கப்பல் நிற்காது. அந்தக் காப்புறுதிக்கும் சேர்த்துத்தான் அவர்கள் விலை வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே அணைகிறது. வாசலைத் தாண்டினால் ஊர். அங்கே அந்தப் பணம் தேவையில்லை. புக்கெட் அப்படியல்ல.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். டெண்டர் எனப்படும் சிறு படகில் ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும். இதற்கு வரிசை எண் கொடுப்பார்கள். போகும்போதும் நேரம் பிடிக்கும், வரும்போதும் பிடிக்கும். நீங்கள் போகிற மாதத்தையும் யோசியுங்கள். அந்தக் கடற்கரை மேற்கு பார்த்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் குளம்போல் கிடக்கும். மே பாதியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அலை எழும்பும். அலை மிஞ்சினால் டெண்டர் ஓட்டுவதில்லை என்று கேப்டன் முடிவு செய்வார். அதில் யாரும் வாதாட முடியாது. கப்பலில் வாங்கிய சுற்றுலாவாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். வெளியே முன்பணம் கட்டியிருந்தால் அது உங்கள் பாடு.

இன்னொன்று, கப்பலுக்கும் டெண்டருக்கும் இடையே வைத்திருக்கும் தட்டு அலைக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அம்மா அங்கே தயங்கி நிற்கக் கூடாது, தாவவும் கூடாது. அங்கு நிற்கும் மாலுமி தன் கையை நீட்டுவார். அவர் விரல்களைப் பிடித்தால் வழுக்கும். அவருடைய முன்கையை அம்மா பற்ற வேண்டும், அவர் அம்மாவின் முன்கையைப் பற்றுவார். படகு மேலெழுந்து இரண்டு தளமும் ஒரு மட்டத்துக்கு வரும் நொடியில் அவர் சொல்வார், அப்போது ஒரே அடி. பை முதுகில் இருக்கட்டும். கையில் செல்போன் கூட வேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவர்களையும், எழுந்து நின்று ஒரு அடி எடுத்து வைக்க முடியாதவர்களையும் பல கப்பல்களில் டெண்டரில் ஏற்றுவதில்லை. அம்மாவின் முழங்கால் நிலையை முன்பதிவின்போதே தெரிவித்துவிடுங்கள்.

பீ பீ தீவு வேண்டாம். வேகப்படகு அலைமேல் விழுந்து விழுந்து போவது முதுகுக்கும் மூட்டுக்கும் ஆகாது என்பது ஒரு காரணம். சொந்தப் பொறுப்பில் இன்னொரு தீவுக்குப் போய்க் காற்றில் மாட்டிக்கொண்டால் திரும்ப வழி கிடையாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி):

மேலே ஐயா எழுதியதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நானே அடிபட்டேன். சிங்கப்பூரும் மலேசியாவும் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. தாய்லாந்து ஒன்றரை மணி நேரம்தான். சில கப்பல்கள் புக்கெட்டுக்காகக் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். எங்கள் கப்பல் மாற்றவில்லை. ஆனால் கரையின் அலைவரிசை கிடைத்ததும் என் செல்போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொண்டது. கடைசி டெண்டர் மூன்றரை மணிக்கு என்று தெரிந்தும், செல்போனில் இரண்டேகால்தானே என்று நானும் என் மனைவியும் இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரின் கைக்கடிகாரத்தைத் தற்செயலாகப் பார்த்தபோது மூன்றேகால். அந்த மணலில் நாங்கள் ஓடிய ஓட்டத்தை ஊரில் யாரிடமும் இன்றுவரை சொன்னதில்லை. பழைய கைக்கடிகாரம் ஒன்றைத் தேடி எடுத்து, கப்பல் நேரத்தை வைத்து உங்கள் அப்பாவின் கையில் கட்டிவிடுங்கள். பெரியவர்கள் கடிகாரத்தை மறக்க மாட்டார்கள்.

கடலில் போகும்போது செல்போனை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது கப்பலின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பியபின் கட்டணச் சீட்டில் வேலையைக் காட்டும்.

பிறகு தின்பண்டம். மே மாதம் நம் மாவட்டத்துக்காரன் வெறும் கையோடு புறப்பட மாட்டான் என்பது எனக்குத் தெரியும். பெங்களூரா, மல்கோவா எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே தின்று தீர்த்துவிட்டுப் புறப்படுங்கள். பழம், காய், சமைத்த உணவு ஆகியவற்றைக் கப்பலிலிருந்து கரைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. கப்பலின் காலை உணவில் கிடைத்த வாழைப்பழத்தைக் கூடப் பையில் போடாதீர்கள். அப்பாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை உள்ளது என்பதை இப்போதே சொல்லி வையுங்கள். அம்மா கட்டித் தரும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்றும் பாருங்கள். நமக்கு அது குருமாவில் போடும் பொருள், அங்கே போதைப்பொருள் சட்டத்தின் கண்ணில் படும் பொருள்.

தகடூரான் (தருமபுரி):

இருவருக்கும் மிக்க நன்றி. புகையிலை விஷயம் சரியாக வந்து விழுந்தது. அப்பா இப்போது என்னோடு பேசுவதில்லை. பீ பீ தீவை விட்டுவிட்டோம். பினாங்கில் அந்த நான்கு இடங்களில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? அப்பாவின் இன்சுலினை வெயிலில் எப்படிக் கொண்டுபோவது? விசா விஷயத்தில் ஏற்பாட்டாளர் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நான் எதையாவது சரிபார்க்க வேண்டுமா?

ஓசூர் அத்தை:

தம்பி, ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். நம் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். கப்பல் பினாங்குக்குப் போய்த் திரும்பவும் சிங்கப்பூருக்கு வருவதால் நீங்கள் அந்த நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசாத் தாளில் பலமுறை நுழைய அனுமதி என்று இருக்கிறதா என ஆறு பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததை விமான நிலையத்தில்தான் கண்டோம். சிங்கப்பூர் வருகை அட்டையை ஒவ்வொரு வருகைக்கும் முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. மலேசியாவும் தாய்லாந்தும் நமக்கு விசா விலக்கு, இணைய அட்டை என்று விதிகளை மாற்றிக்கொண்டே வருவதால், புறப்படும் வாரத்தில் அந்தந்த அரசின் குடிநுழைவுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில கப்பல்களில் ஏறியதும் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கரையில் இறங்கும்போது அதன் நகலும் கப்பல் அட்டையும் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். அன்றைய தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்வதோடு, செல்போன் அணைந்துவிட்டால் உதவுமே என்று ஒரு துண்டுத் தாளிலும் எழுதி வையுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டிய ஆள் அவர்தான்.

பினாங்குக்கு வருகிறேன். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படிகள். தீர்த்தமலை ஏறிய கால்கள்தான் என்று அம்மா சொல்லக்கூடும், கேட்காதீர்கள், அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். பாம்புக் கோயில் ஊருக்கு வெளியே விமான நிலையம் போகும் பக்கம் இருப்பதால் அதையும் தள்ளிவிடுங்கள். மலை இரயில் 1923இல் தொடங்கிய பழைய தடம். இப்போது புதிய பெட்டிகள் ஓடுகின்றன, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் விடுமுறை நாளில் வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. இறங்கியதும் முதல் வேலையாகக் கிராப் செயலியில் வண்டி பிடித்து அங்கே போங்கள், கூட்டம் அதிகமாக இருந்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மலையையும் விட்டுவிட்டு ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே இருப்பேன். 2008இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த பழைய நகரம் அது; கப்பல் நிற்கும் துறையிலிருந்து கார்ன்வாலிஸ் கோட்டை கூப்பிடு தூரம், அங்கிருந்து லிட்டில் இந்தியா அம்மாவின் நடைக்கும் எட்டும். குயின் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது; நம் ஊரைப் போலவே நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். தெருவில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கும், பூக்கடைக்காரர் தமிழில் விலை சொல்வார், வாழை இலையில் சோறு கிடைக்கும். இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்து பூக்காரியிடம் பேரம் பேசினேன் என்று என் மாமியார் இன்றும் சொல்லிச் சிரிப்பார். சிறு கடைகளுக்கு ரிங்கிட் சில்லறை வேண்டும். கப்பலில் மாற்றாதீர்கள், விலை கட்டாது.

இன்சுலின் பேனாவைத் தண்ணீரில் நனைத்தால் குளிரும் துணிப்பையில் வைத்துக்கொள்ளலாம். பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டி வைத்தால் உறைந்து கெட்டுவிடும். மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் வேதிப்பெயரோடு இருக்கட்டும். ஊசியைப் போட்டுவிட்டு உணவகத்தைத் தேடிப் புறப்படக் கூடாது. தட்டு மேசைக்கு வந்தபிறகு போடுவது பற்றி அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வியர்த்துத் தள்ளாடினால் உடனே கொடுக்கக் குளுக்கோஸ் பொட்டலம் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பயணக் காப்பீட்டில் அவருடைய சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். கப்பல் மருத்துவர் இலவசம் அல்ல.

கப்பல் புறப்படும் நாளன்றே பெங்களூரிலிருந்து பறப்பதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். அத்திப்பள்ளியில் லாரி ஒன்று குறுக்கே நின்றாலே விமானம் போய்விடும்; ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சிங்கப்பூரில் தங்குங்கள்.

தகடூரான் (தருமபுரி):

விமானத்தை முந்தைய நாளுக்கு மாற்றிவிட்டேன், அத்தை. பினாங்கில் ஜார்ஜ் டவுன் மட்டும் என்று முடிவாகிவிட்டது. புக்கெட்டில் கப்பல் நிறுவனத்தின் அரை நாள் பேருந்துச் சுற்றுலா, அதுவும் அலை அனுமதித்தால். நேற்று ஒகேனக்கல்லுக்குப் போய் அம்மாவைப் பரிசலில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். பரிசல்காரரின் முன்கையைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே ஏறினார். ஆனால் ஊன்றுகோலைக் கையிலிருந்து விட மறுக்கிறார். டெண்டரில் அதை என்ன செய்வது?

பாலக்கோட்டுக் கப்பல்காரன்:

ஒத்திகை பார்த்தது நல்லது. பரிசலில் ஏறியதும் நடுவில் குந்திவிடுவோம். டெண்டரில் இரண்டடி நடந்து இருக்கையில் அமர வேண்டும், அதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஊன்றுகோலை நீங்கள் முன்னால் ஏறிப் படகிலிருக்கும் மாலுமியிடம் கொடுத்துவிட்டு, அவர் அதை இருக்கை ஓரம் சாய்த்து வைப்பதை அம்மா கண்ணால் பார்த்தபிறகு அவரைக் கூப்பிடுங்கள். கோல் அக்கரைக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் கை தானாக மாலுமியைப் பிடிக்கும். திரும்பி வரும்போதும் இதே வரிசைதான். அப்போது எல்லோரும் களைத்திருப்பார்கள் என்பதால், கடைசி டெண்டருக்கு இரண்டு டெண்டர் முன்னதாகவே ஏறிவிடுங்கள்.